இடைக்கால லண்டனில் பன்றி வளர்க்கலாமா? கேள்வி பதில்

கேள்வி: அந்தக் காலத்து ஐரோப்பிய நகரங்களில் ஊருக்குள்ளேயே பன்றி வளர்த்தார்களாமே, தடை எதுவும் இல்லையா?

பதில்: வளர்க்கத் தடையில்லை, தெருவில் அவிழ்த்துவிடத்தான் தடை. லண்டன் நகரச் சட்டங்களை 1419-இல் நகர எழுத்தர் ஜான் கார்பென்டர் 'லிபர் ஆல்பஸ்' என்ற நூலாகத் தொகுத்தார். அதிலும் இதே பேச்சுதான்: பன்றி வேண்டுமா, உன் வீட்டோடு வைத்துத் தீனி போடு. இங்கிலாந்தின் யார்க் நகரம் 1301-இலேயே, பகலோ இரவோ பன்றி தெருவில் திரியக்கூடாது என்றது. ரொட்டி சுடுபவர்களிடமும் பீர் காய்ச்சுபவர்களிடமும் தவிடும் சக்கையும் மிஞ்சிக்கொண்டே இருக்கும். அதைத் தின்று கொழுத்து, குளிர்காலத்துக்கு உப்புக்கண்டமாகிற பிராணியை எந்த நகரசபை ஒழிக்கத் துணியும்?

கேள்வி: பிடிபட்டால் பட்டியில் அடைப்பார்களா, அபராதமா?

பதில்: லண்டனில் அதைவிடக் கடுமை. 1292-இல் நான்கு பேரிடம் சத்தியப்பிரமாணம் வாங்கி ஒரு வேலை கொடுத்தார்கள்: அரச வீதியில், அதாவது பொதுத்தெருவில், திரியும் பன்றி யாருடையதானாலும் பிடித்துக் கொல்வது. அந்த 'யாருடையதானாலும்' சும்மா வந்து விழுந்த சொல்லாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: சார், கழுத்தில் மணி கட்டிய பன்றிக்கு மட்டும் விலக்கு உண்டு என்று படித்தேன். கட்டுக்கதையா?

பதில்: உண்மைதான் தம்பி. அவை லண்டனில் இருந்த அந்தோணியார் மருத்துவமனையின் பன்றிகள். பதுவை அந்தோணியார் அல்ல, நம் ஊரில் வனத்து அந்தோணியார் என்கிறோமே, அவர். சந்தைக்கு வரும் பன்றிகளில் மெலிந்தது, மனிதர் தின்ன உதவாதது எதுவானாலும் சந்தை அதிகாரிகள் பறித்து, காதைக் கீறிவிடுவார்கள். மருத்துவமனை ஆள் அதற்கு மணி கட்டிக் குப்பைமேட்டில் விட்டுவிடுவார். அதை யாரும் தொடமாட்டார்கள். போகிறவர் வருகிறவர் புண்ணியத்துக்குத் தீனி போட, கொழுத்ததும் மருத்துவமனைக்குப் போய்விடும்.

இப்படி ஒரு வழி திறந்திருந்தால் அதில் யாராவது நுழையாமல் இருப்பார்களா? 1311-இல் மருத்துவமனையின் வாடகை வசூலிப்பவர் ரோஜர் டி வின்செஸ்டரை வரவழைத்து நகர அதிகாரிகள் உறுதிமொழி வாங்கினார்கள். தெருவில் திரியும் பன்றிகளை எங்களுடையவை என்று உரிமை கொண்டாடமாட்டேன், தானமாக வந்ததைத் தவிர வேறெதற்கும் மணி கட்டமாட்டேன் என்று அவர் சொல்ல வேண்டியதாயிற்று. பன்றி விவகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் இதுதான்.

கேள்வி: பன்றியால் ஒரு இளவரசரே இறந்தாராமே?

பதில்: இளவரசர் மட்டுமல்ல, தந்தை இருக்கும்போதே முடிசூட்டப்பட்டவர். பிரான்ஸ் மன்னர் ஆறாம் லூயியின் மகன் பிலிப், 15 வயது. 1131 அக்டோபரில் பாரிஸில் அவர் குதிரையின் காலில் பன்றி குறுக்கிட, விழுந்து இறந்தார். அடுத்து அரியணை ஏறியவர் தம்பி ஏழாம் லூயி.

கேள்வி: பன்றியைத் தூக்கில் போட்டது நிஜமா?

பதில்: நிஜம். 1457-இல் பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில் சாவினி என்ற ஊரில் ஐந்து வயதுப் பிள்ளையைக் கொன்ற தாய்ப்பன்றிக்குத் தூக்கு. கூட இருந்த ஆறு குட்டிகளுக்கு எதிராகச் சாட்சியம் போதவில்லை, தப்பின. ஆனால் இது கொலை வழக்கு. தெருவில் திரிந்ததற்கான தண்டனையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: நாய்க்கு?

பதில்: லண்டனில் நாயையும் தெருவில் அலையவிடக்கூடாது. பெரிய மனிதர்களின் உயர்சாதி நாய்களுக்கு மட்டும் விலக்கு!