மின்னணுக் கேள்வி-பதில்: சிவப்பு வயர் எந்தத் துளையில் இருக்கிறது?

சாட்ஸ்வொர்த் வாசகர்: 9 வோல்ட் பேட்டரியில் சிவப்பு எல்.இ.டி. எரிய எந்த ரெசிஸ்டர் போடலாம்?

470 ஓம். எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட்டை 15 மில்லி ஆம்பியரால் வகுத்துப் பாருங்கள்.

ஃபீனிக்ஸ் வாசகர்: 16 வோல்ட் கெப்பாசிட்டருக்குப் பதில் 25 வோல்ட் போடலாமா?

மைக்ரோஃபாரட் அளவு அதே என்றால் தாராளமாக. குறைந்த வோல்ட் மட்டும் கூடாது. அலுமினிய எலக்ட்ரோலைட்டிக் வகையில் பட்டை உள்ள பக்கம் நெகட்டிவ். மாற்றிப் போட்டால் வெடிக்கலாம்.

வெருலம் வாசகர்: மல்ட்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, சுவர்ச் சாக்கெட்டில் எவ்வளவு கரண்ட் வருகிறது என்று பார்த்தேன். பெரிய சத்தத்தோடு கருகிவிட்டது. மீட்டர் போலியா?

மீட்டர் மீது பழி போடாதீர்கள். உங்கள் கை தப்பியதே பெரிது. இதே கதையை எத்தனை பேர்தான் எழுதுவீர்கள்? சாக்கெட்டில் காத்திருப்பது 230 வோல்ட். ஒரு கருவியைச் செருகினால்தான் கரண்ட் ஓடும். எவ்வளவு ஓடும் என்பது அந்தக் கருவியைப் பொறுத்தது. வோல்ட் பார்க்கும்போது மீட்டரின் மின்தடை ஏறக்குறைய 10 மெகா ஓம். சிவப்பு வயரை ஆம்பியர் துளையில் செருகினாலோ அநேகமாகப் பூஜ்யம். சாக்கெட்டின் இரு மின்கம்பிகளான லைவையும் நியூட்ரலையும் நேராக இணைத்து ஷார்ட் செய்திருக்கிறீர்கள்.

மீட்டரின் முகப்பைப் பாருங்கள். மலிவு மீட்டர்கள் பலவற்றில், 10 ஆம்பியர் துளைக்குப் பக்கத்திலேயே அதற்கு ஃபியூஸ் இல்லை என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். யாரும் படிப்பதில்லை. குமிழை வோல்ட்டுக்குத் திருப்பிவிட்டோம் என்று நிம்மதி அடையாதீர்கள். சிவப்பு வயர் அந்தத் துளையிலேயே இருந்தால் ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. கரண்ட் பார்த்து முடித்த கையோடு வயரை உருவி வோல்ட் துளையில் செருகுங்கள், பிறகு மீட்டரைக் கீழே வையுங்கள். கற்றுக்கொள்ளும் காலத்தில் பேட்டரிச் சுற்றுகளில் மட்டும் கரண்ட் பாருங்கள்; அதுவும் சுற்றை ஓரிடத்தில் பிரித்து, மீட்டரைத் தொடராக இணைத்து. அடுத்த மீட்டரை எல்லா ஆம்பியர் துளைகளுக்கும் ஃபியூஸ் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: பழைய கணினியைச் செருகினால் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுகிறது. பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிடலாமா?

கூடாது. சுமார் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்து உங்கள் உயிரைக் காப்பதுதான் அந்தச் சுவிட்சின் வேலை. முனையை வெட்டினால் அந்தக் கசிவு உங்கள் உடல் வழியாகப் போகும். பவர் சப்ளையை மாற்றுங்கள்.

டர்பன் வாசகர்: மின்வெட்டுக்குப் பிறகு ஆம்ப்ளிஃபையர் வேலை செய்யவில்லை. ஏன்?

எந்த மாதிரி, ஃபியூஸ் போயிருக்கிறதா, விளக்கு எரிகிறதா, எதுவும் எழுதவில்லை. நான் எதை வைத்துச் சொல்வது? ஃபியூஸைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். மூடியைத் திறக்கும் முன் பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. உள்ளே இருப்பது ஸ்விட்சிங் வகை பவர் சப்ளை என்றால், உருவிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். மீட்டரில் பார்த்துவிட்டுத் தொடுங்கள். பார்க்கும் முன், சிவப்பு வயர் வோல்ட் துளையில்தானே இருக்கிறது?

டோங்காட் வாசகர்: ரேடியோவின் பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

அல்கலைன் பேட்டரி ஒழுகியிருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சில் சிறிது வினிகர் தொட்டுத் துடையுங்கள். பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ரேடியோவைப் பல மாதம் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள்.