பிக்கப் ரேக் நாமே செய்ய: எந்தக் குழாய், எந்த இணைப்பு?

பிக்கப்பின் பின்தொட்டிக்கு மேல் ஏணி, பலகை ஏற்ற ரேக் செய்பவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: இரும்பா, அலுமினியமா?

முதலில் எப்படி இணைக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். வெல்டிங் கைவந்தவர் என்றால் இரும்புச் சதுரக் குழாயே நல்லது. 40×40 மி.மீ. அளவு, 2 மி.மீ. கனம்; மீட்டருக்கு ஏறக்குறைய 2.4 கிலோ.

அலுமினியம் எடையில் இரும்பின் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பிலும் அப்படித்தான். அதை மறந்து இரும்புக்குச் சொன்ன அளவிலேயே வாங்கினால், பாரம் ஏற்றியதும் குறுக்குச் சட்டம் தொய்யும். 50×50, 3 மி.மீ. கனத்தில் எடுத்துப் பாருங்கள்: மேலே சொன்ன இரும்புக் குழாயின் விறைப்பு அப்படியே வந்துவிடும், எடையோ மீட்டருக்கு 1.5 கிலோதான். எனக்கு இது மிகவும் பிடித்த கணக்கு.

கேள்வி: அலுமினியத்தையும் வெல்டிங் செய்யலாமே?

செய்யலாம். ஆனால் 6061-டி6 போன்ற ரகங்களில் சூடு பட்ட இடத்தின் வலிமை பாதி அளவுக்கு இறங்கிவிடும். தகடு வைத்து போல்ட் போடுங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட் என்றால் இடையில் நைலான் வாஷர் வேண்டும். ஈரம் பட்டால் அலுமினியம்தான் அரிக்கும்.

கேள்வி: மிச்சமிருக்கும் ஜிஐ பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) எல்போ, டீ இணைப்புகள் போட்டு முறுக்கிவிடலாமா?

வேண்டாம். மரை வெட்டிய இடத்தில் பைப்பின் கனம் குறைந்திருக்கும். வண்டி குலுங்கக் குலுங்க விரிசல் அங்கேதான் விழும். வெல்டிங் செய்வதானால் துத்தநாகப் பூச்சை முதலில் தேய்த்து எடுங்கள், திறந்த வெளியில் செய்யுங்கள். அந்தப் புகையை இழுத்தால் காய்ச்சலே வரும்.

கேள்வி: மரம்? பிவிசி?

இலேசான பாரத்துக்கு மரம் சரி, ஊடுருவும் போல்ட் போட்டால். பிவிசி வேண்டாம்.

கேள்வி: செய்துவிட்டேன், பிரேக் போட்டால் முன்னே சாய்கிறது. குழாயை மாற்றவா?

குழாயை மாற்றியும் பயனில்லை. என் முதல் ரேக்கில் நான்கு நேர்க்கால்கள் மட்டுமே வைத்திருந்தேன்; சில மாதங்களில் அடிப்பக்க வெல்டிங் பிளந்தது. ஒவ்வொரு பக்கமும் ஒரு சாய்வுச் சட்டம் கொடுங்கள், மூலைகளில் முக்கோணத் தகடு வையுங்கள்.

கேள்வி: பெயின்ட் அடித்தால் துரு வராதா?

வெளியே வராது. குழாய்க்குள் தேங்கும் தண்ணீரால் உள்ளிருந்து வரும். முனைகளை அடைத்து, ஒவ்வொரு குழாயிலும் தாழ்வான இடத்தில் ஒரு சிறு துளை விடுங்கள்.