பத்தொன்பது முட்டை, மூன்று குஞ்சு

கேள்வி: தாராபுரம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி ஆறு, சேவல் ஒன்று. சித்திரைக் கடைசியில் ஒரு கோழிக்கு 14 முட்டை அவயம் வைத்தேன், அதாவது குஞ்சு பொரிக்க அடைக்கு வைத்தேன். மூன்று வாரமாகச் சேர்த்த முட்டை, பரண் மேல் அரிசி டப்பாவில் வைத்திருந்தேன். நடுவில் மற்ற கோழிகள் அதே கூடையில் ஏறி ஐந்து முட்டை இட்டுவிட்டன, எடுக்காமல் விட்டுவிட்டேன். 20-ஆம் நாளிலிருந்து ஆவல் தாங்காமல் தினம் நாலு தடவை கோழியைத் தூக்கிப் பார்த்தேன். மூன்றே மூன்று பொரிந்தது. மறுநாளே கோழி அதுகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டது. மீதி பதினாறையும் உடைத்துப் பார்த்தேன். ஐந்தில் வெறும் மஞ்சள் நீர், இரண்டு ஒரே நாற்றம், ஐந்தில் பாதிக் குஞ்சு, நான்கில் முழுசாக வளர்ந்து செத்த குஞ்சு. இடி இடித்த அன்று கூடையில் இரும்பு போடாததால்தான் என்கிறார் எங்கள் அத்தை. இப்போது இன்னொரு கோழி அடையில் இருக்கிறது. அவயம் வைக்கலாமா, அடைக்குணம் போகும்படி தெளிய வைக்கட்டுமா? மூக்கில் இறகு குத்தினால் தெளியும் என்கிறார்கள்.

பதில்: நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு பதினாறையும் உடைத்து, எண்ணி, பிரித்து எழுதினீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. பெரும்பாலானவர்கள் மொத்தமாகக் குப்பைக்குழியில் கொட்டிவிட்டு ராசியில்லாத கோழி என்று அதைச் சந்தைக்கு அனுப்பிவிடுவார்கள். உங்கள் கோழி மேல் ஒரு குற்றமும் இல்லை. நீங்கள் எழுதிய கணக்கே அதைச் சொல்கிறது.

பாதிக் குஞ்சு இருந்த ஐந்தையும் முதலில் எடுத்துக்கொள்வோம். அவை மற்ற கோழிகள் நடுவில் வந்து இட்டவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோழி முட்டைக்கு 21 நாள் சூடு வேண்டும். ஒன்பதாம் நாள் வந்து சேர்ந்த முட்டைக்கு அந்தக் கணக்கு முப்பதாம் நாள்தான் முடியும். தாய்க்கோழி அதுவரை காத்திருக்காது. முதல் குஞ்சு வெளியே வந்து ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள், அதற்குள் இரை காட்டக் கிளம்பிவிடும். அதனால் வைக்கிற அன்றே ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலாலோ கரித்துண்டாலோ சுற்றி ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடில்லாத முட்டை தென்பட்டால் அன்றைக்கே எடுத்து ஆம்லெட் போட்டுவிடலாம். அடைக்கோழியை மற்ற கோழிகள் ஏற முடியாத தனி மூலைக்கு மாற்றினால் இந்த வேலையும் இருக்காது. ராத்திரி இருட்டிய பிறகு மாற்றினால் முரண்டு பிடிக்காது.

மஞ்சள் நீராக இருந்த ஐந்தும் நாறிய இரண்டும் அரிசி டப்பாவிலேயே பாழானவையாக இருக்கலாம். சில முட்டைகளில் சேவல் சேராமலும் இருந்திருக்கலாம். ஆறு கோழிக்கு ஒரு சேவல் போதும் என்பதால் எனக்கு டப்பா மேல்தான் சந்தேகம். சித்திரை வெயிலில் பரண் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். முட்டை இருக்கிற இடத்தில் சூடு 24 டிகிரிக்கு மேல் போனாலே உள்ளே இருக்கும் கரு மெல்ல விழித்துக்கொள்ளும். ஆனால் வளர்வதற்கு அந்தச் சூடு போதாது. ஆரம்பித்து, நின்று, அப்படியே செத்துவிடும். வெளியே பார்த்தால் முட்டை முட்டையாகத்தான் இருக்கும். அடையில் வைத்த பிறகு அது கூமுட்டையாகிறது.

அப்படியானால் இடி? பத்தொன்பது முட்டைக்கும் ஒரே இடிதான் இடித்தது. மூன்று மட்டும் எப்படித் தப்பியது? இடிதான் காரணம் என்றால், ஒரே நாளில் வைத்த பதினாலும் ஒரே வயதில் செத்திருக்க வேண்டும். உங்களுடையதில் சில ஆரம்பத்திலேயே போயிருக்கின்றன, நான்கு கடைசி நாள்வரை வளர்ந்திருக்கின்றன. இடிக்கும் காலமும் முட்டை சூட்டில் கெடும் காலமும் நம் ஊரில் ஒன்றாகவே வருகின்றன. கோடை மழை இடியோடுதானே வரும்! பழி இடி மேல் விழுந்துவிட்டது. அத்தையிடம் சண்டைக்குப் போக வேண்டாம். இரும்புத் துண்டு, கரி, வரமிளகாய் மூன்றையும் போடட்டும், கெடுதல் இல்லை. இரும்பை மட்டும் மணலுக்கு அடியில் புதைத்துவிடுங்கள். மேலே கிடந்தால் கோழி உருட்டும்போது முட்டை அதில் மோதி விரிசல் விடும்.

இனி முட்டை சேர்க்கும் முறை. ஒரு மண்சட்டியை ஈரமணலில் பாதி புதைத்து, வீட்டிலேயே குளிர்ந்த மூலையில் வையுங்கள். முட்டையின் கூர்முனை கீழே, அகன்ற முனை மேலே. அகன்ற பக்கம்தான் காற்றறை இருக்கிறது, குஞ்சு முதல் மூச்சை அதில்தான் இழுக்கும். கழுவக் கூடாது, அழுக்கான முட்டையை அடைக்கு வைக்காமல் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு நாளுக்கு மேற்பட்டதை அடைக்கு வைக்காதீர்கள், வெயில் காலத்தில் நாலைந்து நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிறுவிடை ஒரு ஈட்டுக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, பத்துப் பதினைந்து முட்டை இட்டுவிட்டுத்தான் அடைக்கு உட்காரும். நாம் என்ன செய்கிறோம்? முதலில் இட்டதைப் பத்திரமாகச் சேர்த்துவைத்துவிட்டு, கடைசியில் இட்டதைக் குழம்புக்கு எடுக்கிறோம். மாற்றிச் செய்யுங்கள். முதலில் வந்ததைச் சாப்பிடுங்கள், கடைசி வாரம் கிடைத்ததை வையுங்கள். எண்ணிக்கை போதாவிட்டால் அதே வாரம் இட்ட இன்னொரு கோழியின் முட்டையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

எண்ணிக்கை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். சிறுவிடைக்குப் பதினாலே அதிகம், பத்தொன்பதெல்லாம் கொடுமை. ஓரத்து முட்டை மட்டும்தானே வீணாகும் என்று நினைப்போம். அப்படி இல்லை. ஒருநாள் சத்தம் போடாமல் சற்று நேரம் பாருங்கள். கோழி லேசாக எழுந்து, அலகை முட்டைக்கு அடியில் கொடுத்து, தன் நெஞ்சுப் பக்கம் இழுக்கும். ஓரத்தில் இருந்தது நடுவுக்கு வரும், நடுவில் இருந்தது ஓரத்துக்குப் போகும். ஒரு நாளில் பலமுறை இது நடக்கும். அதனால் இன்று வெளியே தள்ளப்பட்டுக் குளிர்ந்த முட்டை நாளை நடுவில் இருக்கும், குளிர்வது வேறொன்றின் முறை. ஐந்து முட்டை அதிகமானால் பத்தொன்பதும் முறைவைத்துக் குளிர்கின்றன. சிறுவிடைக்கு ஒன்பது, நல்ல உடம்புள்ள கோழி என்றால் பதினொன்று. இறக்கைக்கு வெளியே ஒரு முட்டை தெரிந்தாலும் ஒன்றைக் குறையுங்கள்.

முழுசாக வளர்ந்து செத்த அந்த நான்கைப் பற்றி எழுதத்தான் சங்கடமாக இருக்கிறது. கடைசி மூன்று நாளில் அடைக்கோழி இரைக்குக்கூட அதிகம் இறங்காது. உள்ளிருந்து குஞ்சு கீச்சிடும், தாய் அடிக்குரலில் பதில் கொடுக்கும். அடியில் வெதுவெதுப்போடு ஈரப்பதமும் சேர்ந்து நிற்கும். நீங்கள் தூக்கிய ஒவ்வொரு தடவையும் அந்தக் காற்று வெளியே போயிருக்கும். ஓட்டில் சிறு ஓட்டை விழுந்த பிறகு உள்சவ்வு காய்ந்தால் காகிதம் போல் குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும், அதற்குத் திரும்பவே முடியாது. 18-ஆம் நாளுக்குப் பிறகு கையை வைக்காதீர்கள். ஓட்டை விழுந்ததிலிருந்து வெளியே வர ஒரு முழு நாள்கூட ஆகும். பாவம் பார்த்து ஓட்டை உரித்துவிட்டால் ரத்தம் கசியும். நானும் சின்ன வயதில் ஒன்றை உரித்துவிட்டு நாள் முழுக்க அழுதிருக்கிறேன்.

பார்த்தே ஆக வேண்டும் என்றால் எட்டாம் நாள் ராத்திரி பாருங்கள். இருட்டறையில் செல்போன் டார்ச் மேல் முட்டையின் அகன்ற முனையை வைத்தால், நல்ல முட்டையில் நடுவில் ஒரு கரும்புள்ளியும் சுற்றிலும் சிலந்திவலை போல் சிவப்பு நரம்பும் தெரியும். பளிச்சென்று வெறுமையாக இருந்தால் கரு இல்லை. நரம்பில்லாமல் ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு செத்துவிட்டது. இரண்டையும் எடுத்துவிடலாம்.

அடையில் இருக்கும்போது அதற்கு என்ன கொடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கம்பு, சோளம் போன்ற முழுத் தானியமும் தண்ணீரும் நாலடி தள்ளி இருக்கட்டும். தினம் ஒருமுறை கால் மணி நேரம் இறங்கித் தின்று, மண்ணில் புரண்டு, உருண்டையாக நாற்றமடிக்கும் எச்சம் போட்டுவிட்டுத் திரும்பும். அது நோயில்லை. இறங்கவே மறுத்தால் 18-ஆம் நாள்வரை நீங்கள் தூக்கி இறக்குங்கள். தூக்கும் முன் இறக்கைக்கு அடியில் விரலைவிட்டுப் பாருங்கள், முட்டை இடுக்கில் சிக்கியிருந்தால் கீழே விழுந்து உடையும். செள்ளுப்பூச்சி பற்றினால் எவ்வளவு நல்ல அடைக்கோழியும் பாதியில் ஓடிவிடும். கூடையில் மணல், அதன்மேல் வைக்கோல், இடையில் ஒரு பிடி காய்ந்த வேப்பிலை போடுங்கள். புரளும் இடத்தில் சாம்பலைக் கொட்டி வையுங்கள்.

சரி, இரண்டாவது கோழி. மூக்கில் இறகு குத்துவது, தண்ணீரில் முக்குவது இரண்டும் வேண்டாம். வாயில்லாத ஜீவனுக்கு வலிதான் மிச்சம். வயிற்றுக்கு அடியில் சூடு தங்கும்வரை அடைக்குணம் போகாது. தெளிய வைக்கத்தான் வேண்டும் என்றால், அடியில் கம்பிவலை போட்ட கூண்டைத் தரையிலிருந்து தூக்கி வெளிச்சத்தில் வையுங்கள். தண்ணீரும் தீனியும் கொடுத்து மூன்று நாலு நாள் அதில் விடுங்கள். அடிவயிற்றில் காற்றுப் பட்டால் தானாகத் தெளியும்.

ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் அவயம்தான் வைப்பேன். ஆனி பிறந்துவிட்டது, உங்கள் பக்கம் காற்றடிக்க ஆரம்பித்திருக்கும், சூடு குறைந்திருக்கும். ஒன்றே ஒன்று, உண்மையான அடையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரியும் கூட்டை விட்டு இறங்காமல் இருக்க வேண்டும். கையை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வர வேண்டும். வயிற்றில் இறகு உதிர்ந்து தோல் சுடச்சுட இருக்க வேண்டும். பழைய முட்டையில் இரண்டு நாள் உட்கார வைத்துச் சோதித்துவிட்டு, இந்த வாரம் இட்டதில் ஒன்பதை எடுத்து, கோடு போட்டு, ஒரே ராத்திரியில் மாற்றி வையுங்கள். தேதியைக் கூடைக்கு மேலே சுவரில் கரியால் எழுதிவிடுங்கள். குஞ்சு இறங்கிய பிறகு முதல் நாள் தீனி இல்லையே என்று பதற வேண்டாம், வயிற்றில் இருக்கும் மஞ்சள்கருவே தாங்கும். மறுநாளிலிருந்து நொய்யும், கூழாங்கல் போட்ட ஆழமில்லாத தட்டில் தண்ணீரும் கொடுங்கள். ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கான கண் சொட்டு மருந்தைப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு விட்டுவிடுங்கள். முதல் ஒரு வாரம் காக்காய் விரட்ட வாசலில் ஓர் ஆள் வேண்டும். அந்த வேலைக்கு அத்தையைவிடப் பொருத்தமானவர் உங்கள் வீட்டில் வேறு யார்?