காக்கை மந்திரவாதி: கேள்வி பதில்

வில்லியனூர் வாசகர்: கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோவின் 'விஸார்ட் ஆஃப் த க்ரோ' நாவல் 700 பக்கத்துக்கு மேல் போகிறதே, கதை என்ன?

அபுரீரியா என்று ஒரு கற்பனை நாடு. அதிபரின் பிறந்தநாள் பரிசாக வானம் வரை ஒரு கோபுரம் கட்டத் திட்டம், அவர் தினமும் கடவுளோடு பேச வேண்டுமாம், அதற்கு வெளிநாட்டு வங்கியில் கடன் கேட்கிறார்கள். எதிரிகளைக் கண்காணிக்கிறேன் என்று ஓர் அமைச்சர் கண்ணைப் பெரிதாக்கிக்கொள்கிறார், இன்னொருவர் காதை. நாயகன் காமிதி இந்தியாவில் படித்துப் பட்டம் வாங்கி, ஊரில் வேலை கிடைக்காமல் அலைபவன். போலீசுக்குப் பயந்து வாசலில் மந்திரவாதி போர்டு மாட்டப் போக, துரத்தி வந்த போலீஸ்காரரே அப்புறம் பரிகாரம் கேட்டு வந்து நிற்கிறார். மீதியைப் படியுங்கள்.

லாஸ்பேட்டை: அதிபர் யார், மோய்தானே?

கென்யாவை 1978 முதல் 2002 வரை ஆண்ட மோயின் சாயல் உண்டு. ஆனால் ஆள் தேடிப் படிக்காதீர்கள், பாதிச் சிரிப்பு போய்விடும்.

கடலூர் முதுநகர்: நேரடியாகத் திட்டப் பயந்தவர்கள்தானே மாய யதார்த்தத்தில், அதாவது நிஜத்தோடு மாயத்தைக் கலந்து எழுதுவதில், ஒளிகிறார்கள்?

இவரிடம் போய்ப் பயம் என்கிறீர்களே! கிராமத்து மக்களை வைத்து கிகுயு மொழியில் நாடகம் போட்டதற்காக 1977 கடைசியில் பிடித்து, விசாரணையே இல்லாமல் ஒரு வருஷம் உள்ளே வைத்தார்கள். அங்கே கழிப்பறைக் காகிதத்தில் நாவல் எழுதினார். 1986இல் இவருடைய 'மாடிகாரி' நாவல் வந்தபோது, மாடிகாரி என்று ஒருவன் ஊர் ஊராக நீதி கேட்டுத் திரிகிறான் என்று கேள்விப்பட்டு அவனைக் கைது செய்ய உத்தரவு போனது. அவன் கதாபாத்திரம் என்று தெரிந்ததும் புத்தகத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். இதை உள்ளபடி எழுதினாலே மாயம் மாதிரித்தான் இருக்கும்.

மீண்டும் முதுநகர்: அது கென்யா. நம் பக்கம் அப்படி எல்லாம் நடக்காது.

கொஞ்சம் வடக்கே வாருங்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியை ஒப்படைத்துவிட்டார்கள், ஆனால் சட்டப்படி அது இந்தியாவின் பகுதியானது 1962 ஆகஸ்ட் 16இல்தான். நடுவில் ஆள்வது ஒரு நாடு, காகிதத்தில் சொந்தம் இன்னொரு நாட்டுக்கு. இந்தியாவோடு சேர்வதா என்று முடிவு செய்யப் புதுச்சேரியின் கீழூர் கிராமத்தில் ஓட்டெடுப்பு நடந்தது; ஓட்டுப் போட்ட மக்கள் பிரதிநிதிகளே மொத்தம் 178 பேர், அதில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவு. ஊரின் தலைவிதியை ஒரு கல்யாணப் பந்திக்குக்கூடப் போதாத கூட்டம் முடிவு செய்தது. எழுத ஆள்தான் வேண்டும்.

முத்தியால்பேட்டை: அதிபர் இடி அமீனா?

ஐயா, மேலே லாஸ்பேட்டைக்குச் சொன்னதுதான். ஆள் தேடாதீர்கள்.

நெல்லிக்குப்பம்: இவர் எழுதியது தமிழில் ஏதாவது?

'சிலுவையில் தொங்கும் சாத்தான்'. சிறையில் எழுதிய அதே நாவல்தான், அதில் தொடங்குங்கள்.

மஞ்சக்குப்பம்: எம்.ஏ. தேர்வுக்குப் பத்து மார்க் விடை கிடைக்குமா? பிடிஎஃப்?

முதலாவதற்கு உங்கள் பேராசிரியர், இரண்டாவதற்கு நூலகம்.