எந்தப் பாட்டன் சாப்பாடு?

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் சமூகத் தோட்டக் குழுவில் பயிர்களின் வரலாறு பற்றி ஓயாமல் பேசுகிறவன் நான்தான். அதனால், முன்னோர் தின்றதையே நாமும் தின்ன வேண்டும் என்கிற ‘பாட்டன் உணவு’ பற்றிய கேள்விகளை எல்லாம் திரட்டி என் தலையில் கட்டிவிட்டார்கள். சிலவற்றுக்கு இங்கே பதில். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் என் பேச்சை நம்பி எதையும் நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம்.

ஈசூன் இளைஞர்: சார், ஆதிமனிதன் இறைச்சிதான் தின்றான், தானியமும் பருப்பும் பிற்பாடு வந்தவை, நம் உடம்புக்கு ஒத்துவராது என்கிறார் ஜிம் பயிற்சியாளர். சோற்றை விட்டுவிட்டேன். சரிதானே?

சோற்றைக் குறைத்தது உங்களுக்கு ஒத்துக்கொண்டால் சந்தோஷம், தம்பி. அவர் சொல்லும் காரணம்தான் நிற்காது. கலிலேயக் கடலோரம் ஒஹாலோ என்ற இடத்தில் 23,000 ஆண்டுகளுக்கு முன் இருந்தவர்கள் காட்டு வாற்கோதுமையைச் சேகரித்துக் கல்லில் அரைத்திருக்கிறார்கள். ஜோர்டானில் 14,000 ஆண்டுகளுக்கு முந்திய அடுப்பில் கருகிய ரொட்டித் துணுக்குகளே கிடைத்தன. இரண்டும் விவசாயம் பிறக்கும் முன்னால்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? சரவாக்கின் நியா குகையில் சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன்பே நச்சுக் கிழங்குகளையும் கெலுவாக் கொட்டையையும் பக்குவப்படுத்தித் தின்ற தடயம் இருக்கிறது. பிரானாக்கான் (மலாய்ப் பழக்கங்கள் கலந்த சீன வம்சாவளியினர்) வீடுகளில் கோழியோடு சமைக்கிறார்களே, அதே கொட்டைதான். அப்படியே தின்றால் சயனைடு ஆளைக் கொல்லும். வேகவைத்து, சாம்பலில் வாரக்கணக்கில் புதைத்து வைத்தால்தான் விஷம் இறங்கும். அந்தக் குகைக்காரர்களுக்குப் பன்றியும் குரங்கும் வேட்டைக்குக் கிடைத்தன. இருந்தும் இந்தப் பாடு பட்டிருக்கிறார்கள் என்றால், இறைச்சி மட்டும் போதவில்லை என்றுதானே அர்த்தம்? பனிப்பிரதேசத்து மக்கள் மீனும் சீல் கறியுமாக வாழ்ந்தது உண்மை. அங்கே வேறென்ன முளைக்கும்?

அப்புறம், ஆதிமனிதன் தின்ற இறைச்சியும் இன்றைய இறைச்சியும் ஒன்றல்ல. புலாவ் ஊபின் தீவில் திரியும் காட்டுக்கோழியைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கோழிக்கு மூதாதை அந்த இனம்தான். அதன் நெஞ்சுக்கும் நீங்கள் பேரங்காடியில் வாங்கும் நெஞ்சுக்கறிக்கும் சம்பந்தம் பெயரளவில்தான்.

ஆங் மோ கியோ வாசகி: நம் முன்னோர் சாப்பிட்டது கேழ்வரகும் கம்பும்தானே? குழந்தைகளுக்கு அதையே கொடுக்கலாம் என்று பார்க்கிறேன்.

தாராளமாகக் கொடுங்கள், அம்மா. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து நிறைய. ஆனால் கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்துப் பயிர். கம்பு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் சோளம் சூடான் பக்கமிருந்தும் வந்தவை. தினையைச் சீனர்களும் வெகுகாலத்துக்கு முன்பே பயிரிட்டார்கள். இந்திய மண்ணிலேயே பழக்கப்பட்டவை என்றால் சாமை, வரகு, கொள்ளு, பாசிப்பயறு. தென்னிந்தியாவில் புதிய கற்காலத்து மக்களே கொள்ளும் பாசிப்பயறும் விளைவித்தார்கள். பருப்பு பிற்பாடு வந்தது என்ற ஜிம்காரருக்கு இதையும் சொல்லுங்கள்.

மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, முந்திரி, பப்பாளி, கொய்யா எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்த்துகீசியர் இந்தியாவுக்கு வந்தது 1498-ல். அதன் பிறகுதான் இவை நம் பக்கம் எட்டிப் பார்த்தன. அதுவரை காரம் என்றால் மிளகும் திப்பிலியும் இஞ்சியும்தான். ரசத்தில் தக்காளியை எடுத்துவிட்டு மிளகைக் கூட்டிப் பாருங்கள், ஓரளவு பழைய ருசி வரும். புளியும் ஆப்பிரிக்காதான் என்று சொன்னால் என் மனைவி முறைக்கிறாள்.

ஜூரோங் வெஸ்ட், ஓய்வுபெற்றவர்: வெள்ளை அரிசிதான் நமக்கு நீரிழிவு கொடுத்தது என்கிறார்களே?

சிங்கப்பூரில் இந்தியர்களிடம் நீரிழிவு சீனர்களைவிட அதிகம் என்பது உண்மை. பழியை அரிசி மேல் மட்டும் போடுவதை நான் ஏற்கவில்லை. அதே அரிசியை எப்படிப் பக்குவப்படுத்தினோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. அதற்கு மலாயாவிலேயே ஒரு கதை உண்டு.

நூறாண்டுக்கு முன் இங்கும் தீபகற்பத்திலும் பெரிபெரி நோய் வாட்டியது. கால் வீங்கி, நடை தளர்ந்து, இதயம் நின்று சாவார்கள். தீட்டிய சயாம் வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகச் சாக, தோட்டத்துத் தமிழர்களுக்கு அந்த நோய் அபூர்வம். தமிழர்கள் ஊர்ப் பழக்கத்தில் புழுங்கல் அரிசி சாப்பிட்டதுதான் காரணம் என்று பிராடன் என்ற மருத்துவர் எழுதினார். 1905-ல் வில்லியம் ஃபிளெட்சர் என்ற இன்னொரு மருத்துவர் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் பாதிப் பேருக்கு வெள்ளை அரிசியும் பாதிப் பேருக்குப் புழுங்கலும் கொடுத்தார். குறை அவர்கள் தங்கிய கட்டடத்தில்தானோ என்று இரு கூட்டத்தையும் இடம் மாற்றியும் பார்த்தார். வெள்ளை அரிசிக்காரர்களைத்தான் நோய் பிடித்தது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின், அதாவது பி1 வைட்டமின், அரிசிக்குள் இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் முழுதாகப் போகாது. வைட்டமின் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் நம் பாட்டிமார் செய்துவந்த வேலை அது.

புழுங்கல் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகமும் பச்சரிசியைவிடப் பொதுவாகக் குறைவு. அதற்காக இரண்டு தட்டு போட்டுக்கொள்ளக் கூடாது. தோட்டத்துக்காரர் நாளெல்லாம் வெட்டினார், சுமந்தார். நாம் எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து போய், உணவங்காடி நிலையத்தில் சோறும் கறியும் ஒரு பிடி பிடித்து, கூடவே கெட்டிப்பாலில் மிதக்கும் தே தாரிக். முதலில் அந்தத் தேநீரைத் தொடுங்கள், அரிசியைப் பிறகு பார்க்கலாம். பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓ கோசோங் பழக ஒரு மாதம் போதும்.

பொங்கோல் மாணவி: வாழைப்பழத்தில் முன்பு விதை இருந்ததாமே?

இருந்தது, மிளகுபோல் கடினமாக. மலாயாக் காடுகளில் இன்றும் அப்படிப்பட்ட காட்டு வாழை உண்டு. விதையற்று வந்த கன்றுகளை மனிதர் நட்டுப் பெருக்கினார்கள். நியூகினியின் கூக் சதுப்பில் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரிட்டிருக்கிறார்கள்.

தேக்கா வாசகர்: சந்தையில் வாங்கும் காய்கறி எல்லாம் மனிதன் மாற்றியதுதானா?

ஏறக்குறைய எல்லாமே. கைலான் என்ற சீனக் கீரையும் காலிஃபிளவரும் முட்டைக்கோஸும் ஒரே செடியினம். இலைக்காகப் பொறுக்கி வளர்த்தவர்கள் ஒரு பக்கம், பூவுக்காக வளர்த்தவர்கள் இன்னொரு பக்கம். பல காய்களில் கசப்பையும் இப்படித்தான் குறைத்துவிட்டோம். பாகற்காய் மட்டும் எப்படியோ தப்பித்தது, அதற்கு என் பாராட்டு.

செங்காங் அம்மா: பாக்கெட்டில் வரும் ராகி பானம் நல்லதா?

பாக்கெட்டைத் திருப்புங்கள். சேர்மானங்களை எடை வரிசையில் எழுதியிருப்பார்கள். ராகிக்கு முன்னால் சீனி நின்றால் அது சீனிப் பானம்.

உட்லண்ட்ஸ் வாசகி: ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்றுதான் பிழைத்தோம் என்பார் மாமியார். அதையே அன்றாட உணவாக்கலாமா?

1942 முதல் 1945 வரை சிங்கப்பூரில் அது பலர் உயிரைக் காத்தது, அம்மா. ஆனால் கிழங்கு கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. புரதம் சொற்பம். அந்தக் காலத்தில் சத்துக் குறைவால் வாடியவர்களும் ஏராளம். மாலைச் சிற்றுண்டியாகத் தேங்காய்த் துருவலோடு வைத்துக்கொள்ளுங்கள், கூட ஒரு சுண்டலோ மீனோ இருக்கட்டும். பச்சையாக மட்டும் கடிக்கக் கூடாது, இதிலும் சயனைடு உண்டு. தோலைத் தடிப்பாகச் சீவி, நிறைய தண்ணீரில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.