புல்லுக்குக் கீழே

அன்புள்ள ஐயா,

கான்சாஸில் வசிக்கிறேன். சென்ற வாரம் எங்கள் ஊரில் ஓர் இசைவிழா. ஊர்க்காரர்களே பாடினார்கள், வாசித்தார்கள். வசூல் முழுக்க பிரெய்ரி புல்வெளியைக் காப்பாற்ற என்றார்கள். இருபது டாலர் கொடுத்தேன். மறுநாள் காரில் போகும்போது பார்த்தால் இரு பக்கமும் வெறும் புல். காலியாகக் கிடக்கும் நிலத்தை எதற்குக் காப்பாற்ற வேண்டும்? அந்தப் பணத்தில் மரம் நடலாமே? மேடைக்குச் செலவழிக்காமல் நேராக நன்கொடை கேட்டால் என்ன?

சுதா

அன்புள்ள சுதா,

மேடைச் செலவை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், விடுங்கள்.

‘காலியாகக் கிடக்கும் நிலம்’ என்று எழுதிவிட்டீர்களே, அதுதான் சுட்டது. சில மாதங்களாக என் மனதில் ஓடுவதும் இதுதான். அங்கே கா என்ற பழங்குடியினர் வாழ்ந்தார்கள். கான்ஸா என்றும் சொல்வார்கள். உங்கள் மாநிலத்தின் பெயரே அவர்களுடையது. 1873இல் அவர்களை ஓக்லஹோமா பக்கம் பெயர்த்து அனுப்பினார்கள். புல்லுக்கும் அதே கதி. உயர்புல் பிரெய்ரி ஒருகாலத்தில் சுமார் 17 கோடி ஏக்கர். இன்று 4 சதவீதம்கூட இல்லை. 1837இல் இல்லினாயில் ஜான் டியர் என்ற கொல்லர் எஃகுக் கலப்பை செய்தார். அதன்பின் ஒட்டும் கரிய மண்ணும் உழவுக்கு வந்தது. உங்கள் மாநிலத்தின் பிளின்ட் ஹில்ஸ் குன்றுகளில் மேல்மண்ணுக்கு அடியிலேயே கல். கலப்பை இறங்கவில்லை, புல் பிழைத்தது. அவ்வளவுதான்.

சரி, மரம். நானும் உங்களைப் போல நினைத்தவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரலில் அங்கே போனேன். குன்றுகள் எல்லாம் கரிக்கட்டை. தீ வைத்தது யார் என்று பதறிக் கேட்டேன். கூட வந்த பண்ணைக்காரப் பெரியவர், “நான்தான்” என்றார். சாலைக்காக மண்ணை வெட்டிய இடத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினார். மேலே விரல்நீளப் பச்சை. கீழே ஆளுயரத்துக்கும் ஆழமாக வேர். தீ அதைத் தொடுவதில்லை. சில ஆண்டுகள் எரிக்காமல் விட்டால் சிவப்பு சீடர் மரங்கள் ஏறிவந்து புல்லை நிழலில் கொன்றுவிடும். “எனக்குப் பயமே மரத்தைப் பார்த்துத்தான்” என்றார். சுதா, அங்கே மரம்தான் களை. மரம் நட்டால் புண்ணியம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை எந்த மண்ணிலும் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். நீலகிரிப் புல்வெளியைத் தரிசு என்று சொல்லி வாட்டில் மரத்தை நட்டோம். இன்று அதைப் பிடுங்க முடியாமல் தவிக்கிறோம்.

எழுபது மைல் வேகத்தில் போகிறவருக்குப் புல் தெரியாது. உட்கார வேண்டும். அதற்குத்தான் பாட்டு. 2006இல் கான்சாஸ் சிட்டி சிம்பொனி இசைக்குழு பிளின்ட் ஹில்ஸ் புல்வெளிக்கே போய் வாசித்தது. கூரை இல்லை, சுவர் இல்லை. பொழுது சாயும்வரை அந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு அதைக் ‘காலி’ என்று சொல்ல வாய் வராது. உங்கள் ஊர்க்காரர்கள் தங்களால் முடிந்த அளவில் செய்ததும் அந்த வேலைதான். நீங்கள் கொடுத்த இருபது டாலர் எனக்குச் சந்தோஷம். அடுத்த ஆண்டும் கொடுங்கள்.

உங்கள் கான்சாஸிலேயே உள்ள மன்ஹாட்டன் ஊர்ப் பக்கம் கான்ஸா பிரெய்ரி என்ற புல்வெளி இருக்கிறது, நடைபாதை உண்டு. செப்டம்பரில் போங்கள். மேய்ச்சல் படாத இடத்தில் பிக் புளூஸ்டெம் என்ற புல் உங்கள் தலைக்கு மேல் நிற்கும். போய்வந்து எழுதுங்கள்.

அன்புடன்