கேள்வி பதில்: குவாத்தமாலாவின் மாயா மண்ணில்

டிசம்பரில் 10 நாள் குவாத்தமாலா போகிறோம். டிக்கால் (மாயா நகர இடிபாடுகள்), அத்தித்லான் ஏரி, அன்டிகுவா, செமுக் சாம்பே நான்கையும் பார்த்துவிட முடியுமா?

பார்க்கலாம். ஆனால் விடுமுறையில் பெரும்பகுதி வேனுக்குள்ளேயே கழிந்துவிடும். செமுக் சாம்பேயை இந்த முறை விட்டுவிடுங்கள். கஹாபோன் ஆற்றின் மேல் சுமார் 300 மீட்டருக்குச் சுண்ணாம்புப் பாறை பாலம்போலக் கவிந்திருக்க, அதன்மேல் பச்சைநீலக் குளங்கள் அடுக்கடுக்காக இறங்கும். அழகில் குறையே இல்லை. ஆனால் அன்டிகுவாவிலிருந்து அதற்கு அருகிலுள்ள லங்கின் ஊருக்குப் போய்ச்சேர ஒரு பகல் போய்விடும். அங்கிருந்து கரடுமுரடான மலைப்பாதையில் பிக்கப் வண்டியில் நின்றபடி பயணம். பிறகு டிக்காலுக்குப் போகத் தங்கும் ஊரான ஃப்ளோரெஸ் போக இன்னொரு பகல். இரண்டு வாரம் கிடைத்தால் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அன்டிகுவாவில் 2 இரவு, ஏரியில் 3, ஃப்ளோரெஸில் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி நாட்கள் சாலைத் தாமதங்களுக்கு உதவும். தலைநகரிலிருந்து ஃப்ளோரெஸுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம், பஸ்ஸில் 8 முதல் 10 மணி நேரம். அன்டிகுவாவும் ஏரியும் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருப்பதால் டிசம்பர் இரவுகளில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. டிக்கால் இருக்கும் பெட்டேன் தாழ்நிலக் காடு, அங்கே புழுக்கம்.

ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு லான்சா எனும் சிறு படகுகளில்தான் போவார்கள். நண்பகலுக்குப் பிறகு சொகோமில் என்கிற காற்று கிளம்பி நீரைக் கொந்தளிக்க வைக்கும். எனவே தூர ஊர்களுக்குக் காலையிலேயே போய்வாருங்கள். முதுகுவலி உள்ளவர்கள் படகின் முன்பக்கம் உட்கார வேண்டாம். அலையில் தூக்கியடிப்பது அங்கேதான்.

டிக்காலுக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது? சூரிய உதயச் சீட்டு வாங்குவது பயனுள்ளதா?

பலரும் செய்கிற தவறு, நேராகப் பெரிய சதுக்கத்துக்குப் போய் அங்கேயே இரண்டு மணி நேரம் படம் எடுப்பது. 4ஆம் கோயிலை அடையும்போது உச்சிவெயில் வந்துவிடும். மிருகங்களும் நிழலுக்குள் ஒதுங்கியிருக்கும். வரிசையைத் தலைகீழாக்குங்கள். பூங்கா 6 மணிக்குத் திறக்கும். உடனே உள்ளே போய், சதுக்கத்தில் நிற்காமல், மேற்குக் கோடியிலுள்ள 4ஆம் கோயிலுக்கு நடந்துவிடுங்கள். சுமார் கி.பி. 741இல் எழுப்பப்பட்ட அதன் உயரம் 65 மீட்டர். பக்கவாட்டு மரப்படியில் ஏறிக் கிழக்கே பார்த்து உட்கார்ந்தால், காட்டு மரங்களின் உச்சிக்கு மேலே 1, 2, 3ஆம் கோயில்களின் கல்முடிகள் மட்டும் தெரியும். பிறகு ‘தொலைந்த உலகம்’ எனப்படும் வளாகம், அதன்பின் சதுக்கம். 47 மீட்டர் உயரமுள்ள 1ஆம் கோயில், 8ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஹசாவ் சான் கவீல் மன்னரின் கல்லறைமேல் எழுந்தது. அதில் ஏற அனுமதியில்லை; எதிரேயுள்ள 2ஆம் கோயிலின் மரப்படியில் ஏறிப் பார்க்கலாம்.

வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் 150 கெட்சால் (குவாத்தமாலா நாணயம்). 6 மணிக்கு முன் நுழைய மேலும் 100. மாறியிருக்கிறதா என்று புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். சூரியனுக்காக மட்டும் அந்த 100ஐக் கொடுக்காதீர்கள். பெரும்பாலான விடியல்களில் மூடுபனிதான் கிடைக்கும். ஆனால் இருட்டில் ஒரு கூட்டம் ஊளைக்குரங்குகள் உறுமத் தொடங்கி, அடுத்த கூட்டம் பதில் கொடுத்து, காடு முழுக்க அது பரவுவதைக் கேட்க அந்த 100 கெட்சால் தகும்.

சீட்டு வாங்கப் பாஸ்போர்ட் தேவை. சோதனைச்சாவடி இடிபாடுகளுக்கு 17 கிலோமீட்டர் முன்பே வந்துவிடும், எனவே பாஸ்போர்ட்டும் ரொக்கப் பணமும் கையிலேயே இருக்கட்டும். தலைக்கு 3 லிட்டர் தண்ணீர் வேண்டும். மழை பெய்திருந்தால் பாசி படிந்த சுண்ணாம்புக்கல் சோப்புப்போல வழுக்கும்; பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். ரக்கூன் குடும்பத்து விலங்குகளான கோவாட்டிகள் (அங்கே பிசோட்டே) வாலைத் தூக்கிக்கொண்டு கூட்டமாக அருகில் வரும். தின்பண்டம் கொடுத்துப் பழக்காதீர்கள். பிறகு பைகளைப் பிடுங்கத் தொடங்கும்.

கெட்சால் பறவையைப் பார்க்க எங்கே, எப்போது போகலாம்?

பெட்டேனில் தேடினால் ஏமாற்றம்தான். அது மேகக்காட்டுப் பறவை. பாஹா வெராபாஸ் பகுதியில் புருல்ஹாவுக்கு அருகே, கோபான் போகும் சாலையோரம் இதற்கென்றே ஒரு காப்பகம் உண்டு. மார்ச் முதல் ஜூன் வரை கூடுகட்டும் காலம். ஆணின் நீண்ட வால் தோகையும் அப்போதுதான் முழுமையாக இருக்கும். இனப்பெருக்கம் முடிந்ததும் தோகை உதிர்ந்துவிடும்.

நடந்து நடந்து தேடுவது வீண். அகுவகத்தீயோ எனும் காட்டு அவகாடோ மரம் காய்த்திருக்கிறதா என்று வழிகாட்டியிடம் கேட்டு, விடிந்ததும் அதனடியில் அசையாமல் நில்லுங்கள். கெட்சால் நெடுநேரம் ஆடாமல் உட்காரும். பச்சை முதுகைக் காட்டிக்கொண்டிருந்தால் ஈர இலைகளுக்குள் கண்ணுக்கே தெரியாது. பழத்தைக் கொத்த எழும்பும் நொடியில் சிவந்த வயிறு காட்டிக்கொடுக்கும். செல்போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கும் வழிகாட்டியைத் தயங்காமல் தடுத்துவிடுங்கள். கூட்டைக் காக்கும் பறவை, போட்டியாளன் வந்துவிட்டதென்று அலைக்கழியும். அங்கே சிப்பி-சிப்பி எனும் பொடித்தூறல் ஓயாது, பைனாகுலருக்கு உலர்ந்த துணி அவசியம்.

சிச்சிகாஸ்தெனாங்கோ தேவாலயத்தில் நடக்கும் மாயா வழிபாட்டைப் படம் எடுக்கலாமா?

சாண்டோ தோமாஸ் தேவாலயத்துக்குள் எடுக்கவே கூடாது. வெளிப்படிகள் 18, மாயா ஆண்டின் 20 நாள் மாதங்கள் 18 என்பதோடு அவற்றைச் சேர்த்துச் சொல்வார்கள். அந்தப் படிகளில் கோப்பால் எனும் மணமுள்ள மரப்பிசினைப் புகையவிட்டு வேண்டுபவர்களைத் தாண்டிக்கொண்டு ஏறாதீர்கள், பக்கவாசல் வழியே போங்கள். வெளியே எடுப்பதானாலும் முதலில் கேளுங்கள். தலையாட்டி மறுத்தால், தூரப் போய் ஜூம் செய்து எடுப்பதும் தவறுதான். இது சுற்றுலாவுக்காக நடத்தும் காட்சி இல்லை. தங்கள் நாள்காட்டியைப் பார்த்து, தங்கள் குடும்பத்துக்காக அவர்கள் செய்யும் பூசை. அந்த ஊரின் சந்தை வியாழன், ஞாயிறு மட்டும்.

அங்கே விற்கும் விப்பில் மேற்சட்டை கைத்தறியா, இயந்திரத் துணியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓரத்தைப் பாருங்கள். இடுப்பில் கட்டி நெய்யும் தறியில் துணியின் நான்கு பக்கமும் கரையோடு முடியும், வெட்டிய விளிம்பு இருக்காது. நெசவுக்காரரின் உடல் அகலத்துக்கு மேல் துணி போகாது என்பதால் ஒரு சட்டைக்கு இரண்டு, மூன்று பட்டைகளைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். ஒரு முனைக்கு அருகே நெசவு சற்றுக் கலைந்தோ இறுகியோ இருக்கும். கடைசி ஊடிழைகளை ஊசியால் கோத்து முடிப்பதன் அடையாளம் அது. அதைக் குறையென்று ஒதுக்காதீர்கள். பூவேலை நிறைந்த ஒரு சட்டைக்கு மாதக்கணக்கில் உழைப்பு போகிறது. பேரம் பேசும்போது அதை நினைவில் வையுங்கள். இயற்கைச் சாயம் பார்க்க, ஏரிக்கரையில் சான் ஹுவான் லா லகுனாவின் பெண்கள் கூட்டுறவுகளுக்குப் போகலாம்.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும்: கருப்பு பீன்ஸ், சோளத் தோர்த்தியா, பொரித்த வாழைப்பழம், சிப்பிலின் கீரை கலந்த தமாலித்தோ எனும் சோளமாவுக் கொழுக்கட்டை. ‘சின் கார்னே’ என்றால் மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு கோழியோடு வருவார்கள். ‘சின் போயோ’வும் சேர்த்துச் சொல்லுங்கள். பீன்ஸில் பன்றிக்கொழுப்பு இருக்கலாம், ‘சின் மந்தேகா’ என்று கேளுங்கள்.

கல்தூண்களில் உள்ள எண்களை நாமே படிக்க முடியுமா?

முடியும், பாடம் உங்கள் பணப்பையிலேயே இருக்கிறது. கெட்சால் நோட்டின் மேல்மூலையில் மதிப்பு மாயா எண்ணிலும் அச்சாகியிருக்கும். புள்ளி 1, கோடு 5, சிப்பி வடிவம் பூஜ்யம். மேல்வரிசை 20இன் மடங்கு. 20 கெட்சால் நோட்டில் சிப்பிக்கு மேல் ஒரு புள்ளி. 50இல் இரண்டு கோடுகளுக்கு மேல் இரண்டு புள்ளிகள். கிரிகுவா எனும் மாயா இடிபாடுகளில் எல்லா எண்ணும் இப்படி இருக்காது. D தூணில் எண்கள் முழு உருவங்களாகவே செதுக்கப்பட்டிருக்கின்றன. கி.பி. 771இல் நாட்டிய E தூண் மண்ணுக்குள் இருக்கும் பகுதியையும் சேர்த்து 10.6 மீட்டர், பைனாகுலர் தேவைப்படும். பெரும்பாலோர் முன்புறத்து அரச உருவத்தைப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எழுத்துகள் இருப்பது பக்கவாட்டில்.